காரணம் அறிந்து பழுது நீக்கல்

நுழையும்முன்

காய்ச்சலோடு வருபவருக்கு மருத்துவர் உடனே மருந்து எழுதிவிடுவதில்லை. நாடி பார்க்கிறார், எத்தனை நாளாகச் சுடுகிறது, எந்த வேளையில் மிகுதியாகச் சுடுகிறது என்று வினவுகிறார். எஞ்சின் சுடும்போதும் செய்யத்தக்கது அதுவே. கையில் சிறு தொகையே இருந்த ஒரு குடும்பம் தன் மகிழுந்தின் பழுதை நீக்கிய செய்தியை, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கூறுவதாக இப்பாடம் அமைந்துள்ளது.

1. முள் ஏறிய நாள்

நாங்கள் நாக்பூரில் வாழ்கிறோம். இங்கு மே மாத வெயில் 45 டிகிரி செல்சியசை எட்டுவது உண்டு. என் தந்தை வாடகை மகிழுந்து ஓட்டுபவர். அந்த ஒரு வண்டியே எங்கள் வீட்டின் வருவாய்.

ஒருநாள் நண்பகலில் சீதாபர்டி கடைத்தெரு நெரிசலில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. வெப்பம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. முன்மூடியின் இடுக்கிலிருந்து நீராவி எழுந்தது. தந்தை வண்டியை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தார். நான் தண்ணீர்ப் புட்டியோடு இறங்கினேன். ரேடியேட்டரின் மூடியைத் திறக்கலாமா என்று கேட்டேன். அவர் என் கையைப் பற்றி நிறுத்தினார்.

"உள்ளே இருப்பது வெறும் வெந்நீர் அன்று, அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் வெந்நீர். மூடியைத் திறந்தால் முகத்தில் பீறிட்டு அடிக்கும். குளிர்ந்த நீரை எஞ்சின்மேல் ஊற்றவும் கூடாது. சூடான உலோகம் விரிசல் விட்டுவிடும். காத்திருப்போம்" என்றார்.

ஒரு மணி நேரம் காத்திருந்தோம். பிறகு அருகிலிருந்த பட்டறைக்கு வண்டியை இழுத்துச் சென்றோம். அங்கிருந்தவர் நீர் குறைந்திருந்ததைப் பார்த்தார். "ஹெட் கேஸ்கட் போய்விட்டது. எஞ்சினைப் பிரிக்க வேண்டும். 14,000 ரூபாய் ஆகும்" என்றார். அக்காவின் கல்லூரிச் சேர்க்கைக்காக வீட்டில் சேர்த்து வைத்திருந்த தொகை 15,000 ரூபாய். தந்தை ஒன்றும் பேசாமல் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவரச் செய்தார்.

2. காகாவின் கேள்வி

எங்கள் தெருமுனையில் முதிய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். தந்தையின் உடன்பிறந்தவரைக் குறிக்கும் 'காகா' என்னும் மராத்திச் சொல்லாலேயே அவரை அனைவரும் அழைப்பர். மறுநாள் காலையில் அவர் வந்தார். கருவி எதையும் எடுக்காமல் முதலில் ஒரு கேள்வி கேட்டார்.

"முள் எப்போது ஏறுகிறது? நெரிசலிலா, நெடுஞ்சாலையிலா?"

"நெரிசலில்தான் காகா. வேகமாகச் சென்றால் இறங்கிவிடுகிறது" என்றார் தந்தை.

"அப்படியானால் பாதி விடை கிடைத்துவிட்டது" என்று காகா சிரித்தார். பிறகு எனக்கு விளக்கினார். எரிபொருள் எரிந்து தரும் ஆற்றலில் பெரும்பங்கு வெப்பமாகவே போகிறது. அதில் ஒரு பகுதியைக் குளிர்நீர் சுமந்துகொண்டு ரேடியேட்டருக்குச் செல்கிறது. ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கிடையே காற்று புகுந்து அவ்வெப்பத்தை நீக்குகிறது. வண்டி விரைந்து செல்லும்போது எதிர்க்காற்றே போதும். நின்றுகொண்டிருக்கும்போதோ விசிறிதான் காற்றை இழுக்க வேண்டும். நின்றால் சூடேறி, ஓடினால் தணிகிறது என்றால் முதல் ஐயம் விசிறியின் மேல் எழ வேண்டும். நெடுஞ்சாலையில் சூடேறினால், ரேடியேட்டர் அடைப்பையோ நீரோட்டக் குறையையோ முதலில் ஐயுற வேண்டும்.

3. செலவில்லாத சோதனைகள்

"காசு கேட்காத சோதனை முதலில், காசு கேட்கும் சோதனை பிறகு, எஞ்சினைப் பிரிப்பது கடைசியில்" என்பது காகாவின் முறை. நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

முதலாவதாக, எஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருந்தபோது மூடியைத் திறந்து நீரின் அளவைப் பார்த்தார். ஏறத்தாழ ஒரு லிட்டர் குறைந்திருந்தது. மேல் ரப்பர் குழாயின் முனையில் நீர் கசிந்து உலர்ந்த வெண்தடம் தெரிந்தது. மூடியின் ரப்பர் வளையம் கடினப்பட்டு வெடித்திருந்தது. "பிரஷர் குக்கரைப் போன்றதுதான் இதுவும். அழுத்தம் இருந்தால் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். வளையம் கெட்டால் அழுத்தம் நிற்காது, நீர் விரைவில் கொதிக்கும்" என்றார்.

இரண்டாவதாக, அளவுகோலை உருவி எண்ணெயைப் பார்த்தார். கேஸ்கட் கிழிந்து நீர் கலந்திருந்தால் எண்ணெய் பால் கலந்த தேநீர்போல் வெளுத்திருக்கக்கூடும். அவ்வாறு இல்லை. நீரை நிரப்பி, மூடி திறந்திருக்கவே குளிர்ந்த எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டினார். ரேடியேட்டரில் இடைவிடாத குமிழிகள் எழவில்லை. புகைக்குழாயில் வெண்புகையும் இல்லை. "கேஸ்கட் நன்றாகவே இருக்கிறது என்று இதைக்கொண்டு சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அதைக் குற்றம் சாட்ட இதுவரை சான்று இல்லை" என்றார்.

மூன்றாவதாக, மூடியை இட்டு எஞ்சினை மீண்டும் ஓட்டினார். முள் நடுக்கோட்டைத் தாண்டியது. ரேடியேட்டரும் சூடேறியிருந்தது, ஆகவே தெர்மோஸ்டாட் திறந்து நீரை விடுகிறது. விசிறி மட்டும் அசையவில்லை. உடனே எஞ்சினை அணைத்தார். ஃபியூஸ் நன்றாயிருந்தது. விசிறியின் மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராக இரு கம்பிகளால் மின்சாரம் கொடுத்தார்; அது வேகமாகச் சுழன்றது. எஞ்சியது ரிலே. பெட்டியில் அதே வகையைச் சேர்ந்த ஹாரன் ரிலேயைக் கழற்றி விசிறியின் ரிலே இருந்த இடத்தில் பொருத்தினார். எஞ்சினை ஓட்டினார். முள் நடுக்கோட்டைத் தாண்டிய சற்று நேரத்தில் விசிறி தானே சுழன்றது!

தீப்பெட்டியைவிடச் சிறிய அந்தப் பொருளைத் தந்தை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

4. பழுதும் படிப்பினையும்

காகா குழாயின் வெடித்த முனையை அரை அங்குலம் வெட்டி நீக்கிப் புதிய கவ்வியால் இறுக்கினார். ரிலேயும் மூடியும் புதியன ஆயின. பழைய நீரை வடித்துவிட்டு, கூலண்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் சம அளவில் கலந்து ஊற்றினார்.

செலவுக் கணக்கு

ரிலே – 220 ரூபாய்
ரேடியேட்டர் மூடி – 180 ரூபாய்
குழாய்க் கவ்வி – 40 ரூபாய்
கூலண்ட் – 600 ரூபாய்
காய்ச்சி வடித்த நீர் – 60 ரூபாய்
கூலி – 400 ரூபாய்
மொத்தம் – 1,500 ரூபாய்

அன்று மாலை நெரிசல் மிகுந்த நேரத்தில் அதே கடைத்தெருவில் வண்டியை ஓட்டிப் பார்த்தோம். முள் நடுவிலேயே நின்றது. காகா சொன்னபடி அடுத்த ஒரு வாரம் காலைதோறும் நீரின் அளவைப் பார்த்தோம், குறையவில்லை. அதன் பிறகே தந்தை அக்காவிடம், "நாளை கல்லூரிக்குப் பணம் கட்டிவிடலாம்" என்றார்.

முதல் பட்டறைக்காரர் பொய் சொன்னாரோ என்று நான் காகாவிடம் கேட்டேன். அவர் தலையசைத்து மறுத்தார். "அவர் பார்க்காமல் சொன்னார், அவ்வளவே. நீர் குறைந்த வண்டியைச் சூட்டோடு சூடாக இன்னும் சில நாள் ஓட்டியிருந்தால் சிலிண்டர் ஹெட் வளைந்து, கேஸ்கட் எரிந்து, அவர் சொன்னது மெய்யாகியிருக்கும். சிறு பழுதைக் காணாதவன் பெரும்பழுதுக்குக் கூலி கொடுப்பான்" என்றார்.

குறைந்த பணம் உள்ளவருக்குப் பொறுமையும் ஒரு செல்வமே. ஒவ்வொரு சோதனையும் ஓர் ஐயத்தை நீக்குகிறது. எஞ்சி நிற்பதே காரணம். காரணமறிந்து செய்யும் செலவு வீணாவதில்லை.

சொல்லும் பொருளும்

ஐயம் – சந்தேகம்
நண்பகல் – உச்சிப்பொழுது
பீறிட்டு – வேகமாக வெளிப்பட்டு
வினவுதல் – கேட்டல்
படிப்பினை – அனுபவம் கற்பிக்கும் பாடம்

பயிற்சிகள்

அ. பிரித்து எழுதுக.
1. வெந்நீர்
2. காரணமறிந்து
3. நெடுஞ்சாலை

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக் கூடாது. ஏன்?
2. காகா முதலில் கேட்ட கேள்வி யாது? அதனால் அவர் அறிந்தது என்ன?
3. பழுது ரிலேயில்தான் உள்ளது என்று காகா எவ்வாறு உறுதி செய்தார்?

இ. விரிவான விடை எழுதுக.
1. காகா செய்த சோதனைகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் எந்த ஐயத்தை நீக்கியது என விளக்குக.
2. "அவர் பார்க்காமல் சொன்னார், அவ்வளவே" – இக்கூற்றிலிருந்து காகாவின் பண்பு குறித்து நீவிர் அறிவன யாவை?

ஈ. செயல்பாடு
1. திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தைப் படித்து, இப்பாடத்தின் கருத்தோடு பொருந்தும் குறளைத் தேர்ந்து எழுதுக.
2. உங்கள் வீட்டில் பழுதான பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, செலவில்லாத சோதனைகள் முதலாக அமையுமாறு ஒரு பட்டியல் உருவாக்குக. மின்சாரம் தொடர்பான பொருளாயின் பெரியவர் ஒருவரின் துணையோடு மட்டுமே சோதனை செய்க.