வாப்பாவின் துவக்கு யாருக்கு?

கேள்வி: வாப்பா மௌத்தாகி ஒரு மாதம். புத்தளத்தில் தென்னந்தோட்டம் இருந்த காலத்தில் லைசன்ஸோடு எடுத்த இரண்டு துவக்குகள் எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கின்றன. மூத்த மகன் நான் வைத்துக்கொள்ளலாமா?
- வாசகர், மாளிகாவத்தை

பதில்: இன்றே மாளிகாவத்தைப் பொலிஸுக்குப் போய் விஷயத்தைச் சொல்லுங்கள். துவக்கைக் கையில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். எப்படிக் கொண்டுவருவது என்று முதலில் கேளுங்கள். தோட்டாக்களையும் சேர்த்து ஒப்படைத்து, இலக்கம் குறித்த பற்றுச்சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

துவக்கு வாப்பாவின் சொத்து. அதன் பெறுமதியில் உம்மாவுக்கும் தங்கச்சிமாருக்கும் பங்குண்டு. 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டம் அதைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் லைசன்ஸ் சொத்தல்ல. அது வாப்பா என்ற ஒரு மனிதருக்கு, ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும்படி கொடுத்த அனுமதி. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி, லைசன்ஸ் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். "வாப்பாவுடையது" என்ற பதில் நீதிமன்றத்தில் எடுபடாது.

உங்கள் பெயருக்கு வேண்டுமென்றால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பயிர்ப் பாதுகாப்புத் துவக்குக்கு மாவட்டச் செயலகம், தற்பாதுகாப்புக்குப் பாதுகாப்பு அமைச்சு. மரணச் சான்றிதழ், வாப்பாவின் பழைய லைசன்ஸ், மற்ற வாரிசுகளின் எழுத்துச் சம்மதம் மூன்றையும் தயாராக வையுங்கள். தேவை என்ன என்று கட்டாயம் கேட்பார்கள். தோட்டம் கைமாறிவிட்டதென்றால் மாடிவீட்டில் இருந்துகொண்டு பன்றி விரட்ட என்று எழுத முடியாது. தற்பாதுகாப்புக் காரணமும் இப்போது இலகுவில்லை: 2024 நவம்பரில் அமைச்சு தான் கொடுத்த ஆயுதங்களையே மீளாய்வுக்குத் திருப்பிக் கேட்டது.

பிள்ளைகள் ஓடித்திரியும் வீடு. என்னைக் கேட்டால், லைசன்ஸ் உள்ள ஒருவருக்கு அனுமதியோடு கைமாற்றி, காசைப் பங்கிடுங்கள்.