நலமான கோழியும் மருந்துக்கு அடங்காத கிருமியும்

நோயற்ற கோழியின் குடலிலும் ஆன்டிபயாடிக் மருந்துகளுக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்கள் வாழக்கூடும். பண்ணையில் அம்மருந்துகளைத் தொடர்ந்து கொடுக்கும்போது, மருந்துக்கு அடங்கும் கிருமிகள் மடிய, அடங்காதவை பெருகுகின்றன.

பிற மருந்துகள் பயனளிக்காதபோது உயிர்காக்க நாங்கள் நாடும் மருந்து கொலிஸ்டின். அதனை முறியடிக்கும் மரபணுவைச் சீன ஆய்வாளர்கள் 2015இல் கோழி இறைச்சியிலும் நோயாளிகளிடமும் கண்டறிந்தனர். அது ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவவல்லது. 2019இல் இந்திய அரசு இம்மருந்தைக் கோழி வளர்ப்பில் தடைசெய்தது.

இறைச்சியை உட்பகுதிவரை நன்கு வேகவைத்தால் இக்கிருமிகள் அழியும். பச்சை இறைச்சி பட்ட கை, கத்தி, பலகை ஆகியவற்றைச் சோப்பிட்டுக் கழுவாமல் காய்கறிகளைத் தொட வேண்டா. புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், உறுப்புமாற்றம் செய்துகொண்டோர், முதியோர் ஆகியோருக்குச் சமைப்போர் கூடுதல் கவனம் கொள்க. அவர்களுக்கு இத்தொற்று ஏற்பட்டால் வழக்கமான மருந்து பலனளிக்காமல் போகக்கூடும்.