என்பு வலிமையும் அன்றாட ஒழுக்கமும்

சித்த மருத்துவ நூலார் உடலைத் தாங்கும் தாதுக்கள் ஏழு என வகுத்து, அவற்றுள் ஒன்றாக என்பை வைத்தனர். மனைக்குத் தூண் எவ்வாறோ உடம்புக்கு என்பும் அவ்வாறே என்று நாம் மாணவர்க்குச் சொல்வதுண்டு. அவ்வுவமை பாதியளவே பொருந்தும். நாட்டிய தூண் தன்னைத்தான் புதுக்கிக்கொள்வதில்லை. என்போ உயிருள்ள பொருள். அதன் பழைய கூறுகள் இடையறாது கரைகின்றன. அவ்விடத்தே புதியன படிகின்றன. வளர்ந்தோர் உடலில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறையப் பத்திலொரு பங்கு என்பு இவ்வாறு புதுக்கப்படுகின்றது. ஆதலின் என்பின் வலிமை பிறப்பினால் மட்டும் அமைவதன்று. நாள்தோறும் நாம் செய்வனவற்றாலும் செய்யாது விடுவனவற்றாலும் அமைவது.

இளமையில் வரவு மிகுதி, செலவு குறைவு. ஏறக்குறைய 30 வயதளவில் என்பின் செறிவு உச்சநிலையை அடைகின்றது. நடுவயதுக்குப்பின் செலவு வரவினை மெல்ல விஞ்சுகின்றது. பெண்டிர்க்கு மாதவிடாய் நின்றபின் வரும் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் என்பின் அடர்த்தியில் ஐந்திலொரு பங்குவரை குறைந்துவிடுதலும் உண்டு. இக்குறைவு நோவின்றி நிகழ்வது. கால் வழுக்கி வீழ்ந்து இடுப்பென்பு முறிந்த அன்றே பலர் அதனை அறிகின்றனர். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது பழமொழி. என்பைப் பொறுத்தவரை, ஐந்திலும் பதினைந்திலும் சேராத செல்வத்தை ஐம்பதில் தேடிச் சேர்த்தல் அரிது. உள்ளதைக் காத்தலோ எந்த வயதிலும் இயலும்.

இவ்வுண்மை நம் சம்பூரைப் பெரிதும் தொடுவதாகும். கொட்டியாரக் குடாவின் தென்கரையில் வயலும் மாடும் கடலுமாய் வாழ்ந்த இம்மக்கள் 2006 ஏப்பிரலில் ஊரைவிட்டு நீங்கினர். மட்டக்களப்பிலும், பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணற்சேனை ஆகிய இடங்களின் முகாம்களிலும் பலர் வாழ்ந்தனர். 2015, 2016 ஆம் ஆண்டுகளிலேயே மீளக்குடியேற்றம் நிகழ்ந்தது. அன்று ஆறு வயதினனாய்ப் புறப்பட்ட சிறுவன் பதினைந்து வயதினனாய்த் திரும்பினான். என்பு செழித்து வளரவேண்டிய காலம் அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி என்னும் பங்கீட்டு உணவில் கழிந்தது. அன்று நாற்பது வயதுடைய தாய்மார் இன்று அறுபதை எய்திவிட்டனர். இழந்த ஆண்டுகளை மீட்க எவராலும் இயலாது. ஆயினும் எஞ்சியதைக் காக்கும் வழிகள் நம் முற்றத்திலேயே உள.

முதலாவது உணவு. உடலிலுள்ள கல்சியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு என்பிலும் பல்லிலுமே தங்கியுள்ளது. வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1000 மில்லிகிராமும், 50 வயது கடந்த பெண்டிர்க்கும் 70 கடந்த ஆடவர்க்கும் 1200 மில்லிகிராமும் வேண்டும் என்பது மருத்துவ நூலார் பலர் கூறும் அளவு. 100 கிராம் குரக்கனில் 350 மில்லிகிராம் அளவு கல்சியம் உண்டு. தீட்டிய அரிசியில் அதன் பத்திலொன்றும் இல்லை. மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிர் ஒரு கோப்பை நாட்டேவையில் ஒரு நல்ல பகுதியைத் தரும். முருங்கையிலை வறையும் எள்ளுருண்டையும் ஏழைக்கும் எட்டுவன. மீனுண்போர் நெத்தலியை முள்ளோடு மென்றுண்பாராயின் அம்முள்ளே மருந்தாகும். பருப்பு, பயறு, முட்டை முதலிய புரத உணவையும் முதியோர் குறைத்தலாகாது. உப்பு மிகுந்தால் கல்சியம் சிறுநீரோடு கழியும். ஆதலின் கருவாட்டையும் ஊறுகாயையும் அளவோடு கொள்க. வெற்றிலைச் சுண்ணாம்பு என்புக்கு உரம் என்று கருதுவாரும் உளர். பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றுநோயை விளைப்பன. அவற்றோடு சுண்ணாம்பை மென்று பெறும் நன்மை ஒன்றுமில்லை.

இரண்டாவது வெயில். உண்ட கல்சியத்தைக் குடல் உறிஞ்சுதற்கு விற்றமின் டி வேண்டும். அதனைத் தோல் ஞாயிற்றொளியிலிருந்து ஆக்கிக்கொள்ளுகின்றது. வெயில் மலிந்த நாட்டில் இக்குறை எவ்வாறு வரும் என வினவலாம். கருந்தோலுக்குக் கூடிய நேரம் வெயில் வேண்டும்; நாமோ அறைக்குள் தொழில் செய்து, ஊர்தியில் ஏறி, நிழலிலேயே நாளைக் கழிக்கின்றோம். நாள்தோறும் சிறிது நேரம் முகமும் கைகாலும் வெயில் படுமாறு உலாவுதல் நன்று. கடல் கடந்து வாழும் நம் பழைய மாணவர் இதனைச் சிறப்பாகக் கருத்திற் கொள்ளல் வேண்டும். பிரித்தானியாவில் ஒக்டோபர் முதல் மார்ச்சுத் தொடக்கம் வரை வெயிலிலிருந்து இச்சத்தைப் போதிய அளவு பெறல் இயலாது. அக்காலத்தில் நாளொன்றுக்கு 10 மைக்கிரோகிராம் கொள்ளுமாறும், கருந்தோலினர் ஆண்டு முழுவதும் கொள்ளுதலை எண்ணுமாறும் அந்நாட்டு நலத்துறையினர் அறிவுறுத்துகின்றனர்.

மூன்றாவது உழைப்பு. இதுவே நாம் பெரிதும் மறந்தது. தாங்கும் பாரத்துக்கேற்ப என்பு தன்னை அமைத்துக்கொள்ளும் என்பதை ஜேர்மனிய மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892 இல் விளக்கினார். பாரமே அற்ற விண்வெளியில் தங்குவோர் திங்கள்தோறும் இடுப்பு முதலிய என்புகளின் அடர்த்தியில் நூற்றுக்கு ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு இழக்கின்றனர். பாரமின்மை அவர்க்குச் செய்வதைச் சாய்மனைக் கதிரை நம்மவர்க்கு மெல்லச் செய்கின்றது. "அம்மா, நீங்கள் இருங்கோ, நாங்கள் செய்கிறம்" என்று முதியவரை இருத்திவைத்தலே மரியாதை என நம் வீடுகளில் எண்ணுகின்றோம். அன்பினாற் செய்யும் அச்செயல் அவர்தம் என்பை நொய்மையாக்கும். முற்றம் பெருக்கவும், பூக்கன்றுக்கு நீர் விடவும், கோயிலுக்கு நடந்து செல்லவும் அவரை விடுதலே மெய்யான மரியாதை. வாரத்துக்கு 150 நிமிடமேனும் விரைந்து நடத்தலும், அறுபத்தைந்து கடந்தோர் வாரத்தில் மூன்று நாளேனும் உடற்சமநிலைப் பயிற்சி செய்தலும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020 இல் கூறியது. சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக்காலிற் சிறிது நேரம் நிற்றலும், கையூன்றாது கதிரையைவிட்டு எழுந்து எழுந்து இருத்தலும் எவர்க்கும் எளியன. முன்னரே என்பு முறிந்தவர் மருத்துவரைக் கேட்டே தொடங்குக.

நான்காவது வீழாமை. முதியோர்க்கு இடுப்பென்பு முறிவு பெரும்பாலும் நொய்ந்த என்பும் வீழ்ச்சியும் கூடும்போதே நேரும். கிணற்றடிப் பாசியைத் தேய்த்தகற்றுக. மலசலகூடத்தில் பற்றிக்கொள்ள ஒரு பிடி அமைக்க. இரவில் நடைவழியில் விளக்கு வைக்க. தேய்ந்த செருப்பை எறிக. கண்ணொளியை ஆண்டுதோறும் சோதிக்க. புகைத்தலும் மதுவும் என்பைக் கெடுப்பன. நெடுநாள் ஸ்ரீரொயிட் மருந்துண்போரும், உயரம் குறைந்து முதுகு கூனியோரும், சிறு வீழ்ச்சியில் முறிவுற்றோரும் என்படர்த்திச் சோதனை பற்றி மருத்துவரை வினவுவாராக.

இம்மலரை ஏந்தும் கைகளுட் பல இன்று அறுபதைக் கடந்தவை; சில இன்னும் பந்தடிப்பவை. மூத்தோர்க்கு நாம் கூறுவது: அமர்ந்திராதீர்கள். இளையோர்க்குக் கூறுவது: இன்று விளையாட்டு முற்றத்தில் ஓடுதலும், ஒரு கோப்பைப் பாலைத் தவறாது அருந்துதலும் எழுபதாம் வயதுக்கு இடும் வைப்புப்பணம். சம்பூரின் ஒரு தலைமுறைக்கு அவ்வைப்பினைச் செய்யும் காலம் வாய்க்கவில்லை. அவர்தம் பிள்ளைகட்கேனும் அது தவறாதிருக்கச் செய்தல் வீட்டுக்கும் பள்ளிக்கும் உரிய கடன்.