முதலில் ஃபோல்ட் பழகுங்கள்

இணையத்தில் போக்கர் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பெரும்பாலும் ப்ளஃப் அடிப்பது எப்படி என்றுதான் முதலில் கேட்கிறார்கள். சினிமா செய்த வேலை அது. என் ஆட்டம் தேறத் தொடங்கியதோ சீட்டைப் போட்டுவிட (ஃபோல்ட் செய்ய) பழகிய பிறகுதான். டெக்சஸ் ஹோல்டெம் ஆட்டத்தில் கைக்கு வரும் இரண்டு சீட்டுகள் 1,326 விதமாக அமையலாம். அவற்றில் நம்பி ஆடக்கூடியவை குறைவு. ஏஸ் ஜோடி சராசரியாக 221 கைக்கு ஒருமுறைதான் வரும். ஆறு பேர் மேசையில் ஏறக்குறைய நான்கில் மூன்று கையை ஃப்ளாப் (மேசையில் விரியும் முதல் மூன்று பொதுச் சீட்டுகள்) பார்க்காமலே விட்டுவிடலாம். சலிப்பாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் மற்றவர்கள் எந்தக் கைக்கு எவ்வளவு கட்டுகிறார்கள் என்று கவனியுங்கள்.

அடுத்தது, உட்கார்ந்திருக்கும் இடம். பட்டனில் (சீட்டுப் போடுபவரின் இடத்தில்) இருப்பவர் ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாக முடிவெடுப்பார். அதற்குள் மற்றவர்கள் செய்ததையெல்லாம் பார்த்திருப்பார். ஆட்டின் ராணியும் கிளாவர் பத்தும் வந்தால், முதல் ஆளாகப் பேச வேண்டிய இடத்தில் போட்டுவிடுவேன். பட்டனில் இருந்து, எனக்கு முன்னால் எல்லோரும் ஃபோல்ட் என்றால், அதே கையில் ரெய்ஸ் செய்வேன்.

கணக்குக்குப் பயப்பட வேண்டாம். பாட்டில் (நடுவில் சேர்ந்த சிப்ஸில்) 200 இருக்கிறது, எதிராளி 100 கட்டுகிறார் என்று வையுங்கள். நீங்களும் 100 போட்டு ஈடுகட்டினால் (கால்) மொத்தம் 400. அதில் உங்கள் பங்கு கால்வாசி. ஆகவே நூற்றுக்கு 25 முறையாவது ஜெயித்தால்தான் அந்தக் கால் கட்டுப்படியாகும். கையிலும் மேசையிலுமாக நான்கு ஆட்டின் சேர்ந்து, ஒன்றுக்காகக் காத்திருக்கிறீர்கள், டர்ன் (நான்காவது பொதுச் சீட்டு) வந்துவிட்டது. உங்கள் கண்ணில் படாத 46 சீட்டுகளில் ஆட்டின் 9. வாய்ப்பு 20 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டில்) ஆட்டின் விழுந்தால் எதிராளி மேலும் கட்டுவார் என்ற நம்பிக்கை இல்லாதவரை ஃபோல்ட்தான் சரி. அவரே 250 உள்ள பாட்டில் 50 மட்டும் கட்டியிருந்தால் 15 சதவீத வாய்ப்பே போதும். தயங்காமல் கால் செய்யலாம். இந்த ஒரு கணக்கைத் தினமும் போட்டுப் பழகினால், சில வாரங்களில் திரையில் நேரம் ஓடும்போதே விடை வந்துவிடும்.

நான் ஆடுவது இலவச சிப்ஸ் மேசைகளில் மட்டுமே. இங்கே ஆட்கள் எதற்கும் கால் செய்வார்கள், ப்ளஃப் எடுபடாது. நல்ல கை இருக்கும்போது தைரியமாகக் கட்டுங்கள், அதுவே போதும்.

எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது ஒரு நோட்டுப் புத்தகம். ஆடி முடித்ததும், தடுமாற வைத்த கைகளை மட்டும் எழுதுவேன்: என்ன தெரிந்திருந்தது, என்ன முடிவெடுத்தேன், ஏன். ஜெயித்தேனா தோற்றேனா என்பதை எழுதுவதில்லை. ஏஸ் ஜோடியும் ராஜா ஜோடியும் முழுதாக மோதினால் ஏஸ் ஜோடி நூற்றுக்கு ஏறத்தாழ 18 முறை தோற்கும். தோற்றதால் அந்த முடிவு தப்பாகிவிடாது. போக்கர் வீராங்கனை ஆனி டியூக் 2018-ல் எழுதிய 'திங்கிங் இன் பெட்ஸ்' நூலின் மையமும் இதுதான். போக்கர் ஆடாதவர்களும் படிக்கலாம். சரியாக முடிவெடுத்தும் தோற்று மனம் கொதித்தால் உடனே மேசையை விட்டு எழுந்துவிடுங்கள். கோபத்தில் எடுக்கும் முடிவுக்கு எந்தக் கணக்கும் துணை வராது.

கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்காளர் இணையத் தகுதிப் போட்டி வழியாக நுழைந்து, 2003 உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 25 லட்சம் டாலர் வென்றார். காசு கட்டத் தூண்டுகிறவர்கள் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். அந்தப் போட்டியில் ஆடியவர்கள் 839 பேர், பட்டம் ஒருவருக்குத்தான். நம் நாட்டிலோ 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமை விளையாட்டா அதிர்ஷ்ட விளையாட்டா என்று பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்கிறது. இலவச சிப்ஸிலேயே நான் மேலே சொன்ன அத்தனையையும் கற்கலாம். வெளிநாட்டுச் செயலி, போனஸ் என்று யார் அழைத்தாலும் உங்கள் வங்கிக் கணக்கை மட்டும் இணைத்துவிடாதீர்கள்.