அணில் ஆடும் முற்றம்

பாட்டுப் படிப்பதால் என்ன பயன் என்று விடுதித் தோழர் ஒருவர் என்னைக் கேட்டார். அவர் பொருளியல் மாணவர்; எதற்கும் பயன் கேட்பது அவர் வழக்கம். அன்று எனக்கு மறுமொழி தோன்றவில்லை. அடுத்து வந்த கோடை விடுமுறையில்தான் அது கிடைத்தது.

தேர்வு முடிந்ததும் தோழர் அனைவரும் ஊருக்குப் புறப்பட்டனர். எனக்கு மட்டும் தில்லியிலேயே தங்க நேர்ந்தது. ஒருநாள் நண்பகலில் அறைக் கதவைத் திறந்தேன். நாள்தோறும் காலடி ஓசை ஓயாத நடையில் இரண்டு அணில்கள் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தன. என்னைக் கண்டும் அவை அஞ்சவில்லை. அப்போதுதான் குறுந்தொகையின் 41ஆம் பாட்டு எனக்கு விளங்கிற்று.

அதைப் பள்ளியிலேயே படித்திருந்தேன், மனப்பாடமும் செய்திருந்தேன். ஆறே அடிகள். தலைவி தோழியிடம் பேசுகிறாள். காதலர் அருகில் இருக்கும்போது விழா நடக்கும் ஊரைப்போல் மகிழ்கிறாளாம். அவர் பிரிந்தாலோ, பாலைவழியை ஒட்டிய சிற்றூரில், மக்கள் விட்டுப் போனதால் அணில் விளையாடும் முற்றத்தையுடைய வீட்டைப்போல் ஆகிவிடுகிறாளாம். தனிமை என்று சொல்லிவிட்டுப் போக எவராலும் முடியும். ஆள் நடமாடும் இடத்தில் அணில் இப்படி ஆடுமா? அதன் அச்சமின்மையே அவ்வீட்டின் வெறுமைக்கு அளவுகோல். இதைக் கண்ட புலவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அந்தக் காட்சியையே பெயராக்கி அணிலாடு முன்றிலார் என்று அழைத்தனர் பழந்தமிழர்.

வேடிக்கை என்னவென்றால், அன்று மாலை என் தனிமை குறைந்திருந்தது. என்னைப் போலவே ஒருவர் இதைக் கண்டிருக்கிறார் என்ற எண்ணமே துணையாயிற்று.

அன்றுமுதல் ஒரு பழக்கம் மேற்கொண்டேன். இரவில் குறுந்தொகையில் ஒரு பாட்டு. பின்னர், அன்று கண்ட ஒன்றைக் குறிப்பேட்டில் எழுதுவது. அந்நூற்பாட்டுகள் பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிகளே. சோம்பலுக்குச் சாக்குச் சொல்ல இயலாது! சொல் விளங்காத இடங்களில் உ. வே. சாமிநாதையர் 1937இல் உரையுடன் வெளியிட்ட பதிப்பு கைகொடுக்கும்.

முதல் இரு வாரக் குறிப்புகளை இப்போது படித்தால் நகைப்பு வருகிறது. 'மனம் சோர்வு', 'இன்று உற்சாகம்', மீண்டும் 'சோர்வு'. என்னைப் பற்றியே எழுதியிருக்கிறேன். ஆனால் என்னைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. அதை மாற்றியவை இரண்டு பாட்டுகள். 54ஆம் பாட்டில், தினைக் காவலரின் கவண் ஒலிக்கு வெருண்ட யானை, வளைத்த பசுமூங்கிலைக் கைவிடுகிறது. மீனைக் கவ்விய தூண்டிற்கோலைப்போல் அது மேலே எழுகிறதாம். பாடியவர் மீனெறி தூண்டிலார். 74ஆம் பாட்டிலும் வானை எட்டும் பசுமூங்கிலே வருகிறது. அதைக் கட்டவிழ்த்து விட்ட குதிரையின் பாய்ச்சலாகக் கண்டவர் விட்ட குதிரையார். மூங்கில் ஒன்றே. கண்கள் வேறு. தன் உள்ளத்தைப் பற்றி ஒருவர் தனியே எழுத வேண்டியதில்லை. எதை எப்படிக் கண்டார் என்பதிலேயே அது வந்துவிடுகிறது. அதன்பின் என் குறிப்பேட்டில் 'சோர்வு' குறைந்து, தேநீர்க் கடைக்காரரின் கை, மூடுபனியில் கரையும் மிதிவண்டி, தாயின் கடிதத்தில் அடித்துத் திருத்திய ஒரு சொல் ஆகியன புகுந்தன.

குளிர் விலகும் நாள்களில் தில்லியில் இலவம் பூக்கிறது. இங்குள்ளோர் அதைச் செமல் என்பர். இலையுதிர்ந்த கிளைகளில் செந்நிறப் பெருமலர்கள்! அகநானூற்றின் 11ஆம் பாட்டில் ஔவையார் அதனை மகளிர் கூடி ஏற்றிய சுடர் வரிசையாகக் கண்டார். அவரைவிடச் சிறப்பாகக் காண முடியாது என்றெண்ணி மூன்று நாள் மரத்தடியில் வாளா நின்றேன். நான்காம் நாள் ஒரே வரி எழுதினேன்: 'மலர் விழும்போது ஓசை கேட்கிறது.'

அதைப் பொருளியல் தோழரிடம் காட்டினேன். "மலர் விழுந்தால் ஓசை எங்கே வரும்?" என்றார். மறுநாள் காலை வகுப்புக்குச் செல்லும்போது கண்டேன். அவர் அம்மரத்தடியில் தலை நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார்.