புறாத்தீவுச் சுறாவும் பால்சுறா வறையும்

கேள்வி: பெருநாள் விடுமுறையில் நிலாவெளிக்குப் போய், வள்ளத்தில் புறாத்தீவுக்கும் போனோம். முழங்கால் தண்ணீரில் கறுத்த செட்டையுள்ள சிறு சுறாக்கள் பிள்ளைகளின் பக்கத்தால் ஓடின. கல்முனையில் வாங்கும் பால்சுறாவும் இதுதான் என்கிறார் வாப்பா. ராத்தாவுக்குப் பிள்ளை கிடைத்திருப்பதால் வீட்டில் அடிக்கடி சுறா வறை. இரண்டும் ஒன்றா? இது கடிக்குமா?
– வாசகி, வரிப்பத்தான்சேனை

பதில்: ஒன்றல்ல. நீங்கள் கண்டது பவளப்பாரில் வாழும் கருமுனைச் சுறா. முதுகுச் செட்டையின் நுனி மையில் தோய்த்ததுபோல் கறுத்து, அதற்குக் கீழே வெளிறிய பட்டை தெரியும், மூக்கு குட்டை. பால்சுறாவுக்கு மூக்கு நீளம், இந்தக் கறுப்பும் இராது. ஆனாலும் வாப்பாவை முழுக்கக் குறைசொல்ல முடியாது. செட்டையை வெட்டித் துண்டுபோட்ட பிறகு எந்தக் குட்டியும் பால்சுறாதான்!

வளர்ந்தாலும் ஒன்றரை மீற்றரைச் சற்றே தாண்டும் கூச்சமான மீன் கருமுனைச் சுறா. ஆழமற்ற நீரில் நடப்பவர் காலை இரையென்று கவ்விய சம்பவங்கள் வெளிநாடுகளில் உண்டு, அபூர்வம். தீன் போடாதீர்கள், துரத்தாதீர்கள். பவளத்தில் மிதிக்கவும் வேண்டாம்.

ஆபத்து அதற்குத்தான் அதிகம். சூடை ஆயிரக்கணக்கில் முட்டையிடும். இதுவோ மாதக்கணக்கில் சுமந்து இரண்டு முதல் ஐந்து குட்டிகளை மட்டும் ஈனும். ஈனுகிற இடத்தையும் எளிதில் மாற்றாது. பிரெஞ்சுப் பொலினீசியாவின் மொரேயாத் தீவில் மரபணுவைச் சோதித்தபோது, சில தாய்ச் சுறாக்கள் ஏறக்குறைய 50 கிலோமீற்றர் நீந்தி டெட்டியாரோவாத் தீவில் குட்டி போடுவது தெரிந்தது. அத்தகைய கரையோரத்தில் வலை விரித்தால் ஒரு தலைமுறையே போய்விடும். 2020இல் இந்த இனம் உலகச் செம்பட்டியலில் 'அழிவுக்கு இலக்காகக்கூடியது' என்ற நிலையில் சேர்ந்தது.

புறாத்தீவு 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவானது. எல்லைக்குள் இதைப் பிடிப்பது குற்றம். வெளியே நிலைமை வேறு: திமிங்கிலச் சுறா உள்ளிட்ட சில இனங்களுக்கு நமது மீன்பிடிச் சட்டம் தந்த முழுத் தடை இதற்குக் கிடைக்கவில்லை. ஏற்றுமதிக்கு மட்டும் 2023 நவம்பர் முதல் சர்வதேசக் கட்டுப்பாடு உண்டு. என்னைக் கேட்டால் அது போதாது. குட்டிகள் திரியும் ஆழமற்ற கரைகளில் வலைக்குப் பருவத் தடை வேண்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சுறா இறைச்சியில் பாதரசம் தேங்கும். அதனால் பாலூட்டும் தாய்மார் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்கிறது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம். ராத்தாவுக்குச் சூடையோ சாளையோ வாங்கிக் கொடுங்கள்.