ஒரே ஷெல், பல இயங்குதளம்: கைகண்ட சில விஷயங்கள்

இயங்குதளத்தின் பெயரைக் கேட்காதீர்கள். அதற்கு என்ன செய்யத் தெரியும் என்று கேளுங்கள். ஆரையம்பதியில் என்னிடம் நிரலாக்கம் பழக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். லினக்ஸில் எழுதிய சிறிய ஷெல் ஒன்றை ஃப்ரீபிஎஸ்டி, மேக், விண்டோஸ், ரவுட்டர் என்று கொண்டுபோனதில் எனக்கு உறுதிப்பட்ட விஷயமும் இதுவே. "லினக்ஸ் என்றால் இப்படி, மேக் என்றால் அப்படி" என்று நிரலைக் கிளை பிரித்தால், அடுத்த பதிப்பு வந்ததும் பாதிக் கிளைகள் பொய்யாகிவிடும். பாஷ் ஷெல்லின் கன்ஃபிகர் ஸ்கிரிப்ட் சின்னச் சின்ன சி நிரல்களைத் தொகுத்து ஓட்டி, அந்தக் கணினியிடமே விசாரித்துக்கொள்கிறது. ரவுட்டருக்காக வேறு கணினியில் தொகுக்கும்போது மட்டும் அவற்றை ஓட்ட முடியாது. அப்போது அது ஊகித்துவிட்டு எச்சரிக்கும். அந்த எச்சரிக்கை வரிகளை ஒன்றுவிடாமல் வாசியுங்கள்.

வன்பொருளையும் நம்பி இருந்துவிடக் கூடாது. 1979இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸோடு வந்த ஸ்டீஃபன் போர்னின் ஷெல், நினைவகம் போதாமல் போனால் அந்தப் பிழைச் சைகையைப் பிடித்து, நினைவகத்தைக் கூட்டி, விட்ட இடத்திலிருந்து தொடரும். மோட்டோரோலா 68000 சில்லுக்கு அப்படித் தடைப்பட்ட கட்டளையைச் சரியாகத் தொடரத் தெரியாது. அந்த இயந்திரங்களுக்கு ஷெல்லை மாற்றியவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஓடும் செயல்முறையைப் படியெடுத்துப் புதியதைத் தொடங்கும் ஃபோர்க் விண்டோஸில் கிடையாது. சிக்வின் அதைப் போலச் செய்து காட்டும், ஆனால் நினைவகத்தைப் புதிய செயல்முறைக்குப் படியெடுப்பதால் மெதுவாகவே நடக்கும். கேஎஸ்ஹெச்93 என்ற ஷெல், துணை ஷெல்லைக்கூட முடிந்தவரை ஃபோர்க் இல்லாமலே ஓட்டுகிறது. அந்த வழியை முதல் நாளிலேயே பிடித்துக்கொள்வது நல்லது. செயல்முறைக் குழுவை அமைக்கும் செட்பிஜிஐடியைத் தாய்ச் செயல்முறையும் சேய்ச் செயல்முறையும் இரண்டுமே அழைக்கட்டும், எது முந்தும் என்று சொல்ல முடியாது. ஸ்கிரிப்டுகளில் எக்கோவை விட்டு பிரிண்ட்எஃப் பாவியுங்கள். உபுண்டுவில் 2006 முதல் எஸ்ஹெச் என்பது டாஷ் ஷெல். பாஷுக்கு மட்டுமே தெரிந்த எழுத்துமுறை அங்கே எடுபடாது.

தமிழில் கோப்புப் பெயர் வைக்கும் எங்களைப் போன்றவர்கள் மற்ற எல்லாரையும்விடக் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பழைய மேக் ஒன்றிலிருந்து லினக்ஸுக்குக் கோப்புகளை மாற்றிய தம்பி ஒருவன் வந்து நின்றான். "அண்ணன், கோவில்குளம் ஃபைல் கண்ணுக்கு முன்னாலதான் கிடக்கு, ஆனா ஷெல் இல்லையெண்டு சொல்லுது."

பழைய மேக்கின் ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை ஓகாரக் குறியை ஒன்றாக வைத்திருக்காது. ஏகாரக் கொம்பும் காலுமாகப் பிரித்தே சேமிக்கும். தட்டச்சில் அது ஒரே குறி. யூடிஎஃப்-8இல் நாம் தட்டும் "கோவில்குளம்" 33 பைட், பழைய மேக்கிலிருந்து வந்தது 36 பைட். திரையில் ஓர் இம்மி வித்தியாசம் தெரியாது, லினக்ஸுக்கோ அவை இரண்டு வேறு கோப்புகள். 2017இல் மேக்குக்கு வந்த ஏபிஎஃப்எஸ் பெயரைக் கொடுத்தபடியே வைத்துக்கொள்கிறது. பழைய வட்டுகளும் காப்புப் பிரதிகளும் இன்னும் புழக்கத்தில்தான் இருக்கின்றன.

ஷெல் தானாகவே பெயரைத் திருத்தி ஒருமுகப்படுத்தலாமே என்று தோன்றும். கூடவே கூடாது. இரண்டு வடிவமும் ஒரே கோப்புறையில் இருந்தால் ஒன்றை அழிக்கப் போய் மற்றது அழியும். என் ஷெல்லில் டேப் விசையை அழுத்தித் தேடும்போது மட்டும் இரண்டையும் சமமாகப் பார்த்து ஒப்பிடுகிறேன். திறக்கவும் அழிக்கவும் வட்டில் உள்ள பைட்டுகளே அப்படியே போகும்.

சோதனைக்கு எங்கள் ஊர்ப் பெயரை மட்டும் வைத்தால் எல்லாத் தளத்திலும் குறையின்றி ஓடும், ஏனென்றால் ஆரையம்பதியிலும் மட்டக்களப்பிலும் அப்படிப் பிரியும் குறிகள் இல்லை. கோவில்குளம், கொக்கட்டிச்சோலை, போரதீவு என்று கோப்புகளை இரண்டு வடிவத்திலும் உருவாக்கி வைத்து, ஒவ்வொரு தளத்திலும் பட்டியலிட்டு, பெயர் மாற்றி, அழித்துப் பாருங்கள்.